தகவலா, கருத்தா? ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை

வணக்கம். தகவலையும் கருத்தையும் பிரித்துப் பார்க்க மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது பற்றித்தான் இன்றைய கேள்விகள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மொழிப்பாட ஆசிரியை. இந்த விஷயத்துக்காக வரலாறு, அறிவியல் வகுப்புகளின் கடைசி பெஞ்சிலும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

ஆறாம் வகுப்பு ஆசிரியர்: மேடம், "தகவல் என்றால் உண்மை, கருத்து என்றால் ஒருவர் நினைப்பது" என்று வரையறை எழுதிப் போட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். பிள்ளைகள் அழகாக ஒப்பிக்கிறார்கள். புதிதாக ஒரு வாக்கியம் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். கோளாறு எங்கே?

வரையறையில்தான். அது இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. இந்த வாக்கியம் சரிபார்க்கக்கூடிய வகையா என்பது முதல் கேள்வி. சரிபார்த்தால் அது சரியா, தப்பா என்பது இரண்டாவது. "நிலவில் நின்று பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் வெறும் கண்ணுக்குத் தெரியும்" என்பதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? உண்மை இல்லை, அதனால் உங்கள் வரையறைப்படி தகவல் இல்லை. அப்படியானால் கருத்தா? யாருடைய ரசனையும் அதில் இல்லையே! சரிபார்க்கக்கூடிய, ஆனால் தவறான தகவல் அது. இந்த மூன்றாவது நிலைக்கு உங்கள் பலகையில் இடமே இல்லை. அதனால் பிள்ளைகள் தப்பு என்று தெரிந்ததையெல்லாம் கருத்துப் பக்கம் தள்ளுகிறார்கள். தங்களுக்குப் பிடித்த கருத்தையெல்லாம் தகவல் பக்கம் ஏற்றிவிடுகிறார்கள்.

பெரியவர்களும் அப்படித்தான். 2018-இல் ப்யூ ஆய்வு மையம் அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து தகவல் வாக்கியங்களையும் ஐந்து கருத்து வாக்கியங்களையும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னது. ஐந்து தகவல்களையும் சரியாகச் சொன்னவர்கள் 26 சதவீதம், ஐந்து கருத்துகளையும் சரியாகச் சொன்னவர்கள் 35 சதவீதம். தங்கள் கட்சிக்குச் சாதகமான வாக்கியம் என்றால் அதைத் தகவல் என்று சொல்லிவிடும் போக்கு அங்குள்ள இரண்டு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களிடமும் இருந்தது.

வரையறையை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: "இதை எப்படிச் சரிபார்ப்பாய்?" எண்ணலாம், அளக்கலாம், ஆவணத்தைப் பார்க்கலாம், நேரில் கண்டவரிடம் கேட்கலாம் என்று ஏதாவது ஒரு வழி வந்தால் அது தகவல் வகை. சரியா தப்பா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி ஆசிரியை: பாடப்புத்தகத்தில் "ரோஜா அழகானது", "சூரியன் கிழக்கில் உதிக்கும்" மாதிரி எடுத்துக்காட்டுகள்தான் இருக்கின்றன. வேறு எதை வைத்து ஆரம்பிக்கலாம் மேடம்?

ரோஜாவும் சூரியனும் பாவம், எத்தனை காலம்தான் உழைக்கும். அவற்றைப் பிரிக்க யாருக்கும் யோசனை தேவைப்படாது. ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு வகை வாக்கியங்களைக் கொடுங்கள். நான் வௌவாலை எடுத்துக்கொள்வேன்:

"வௌவால் ஒரு பாலூட்டி."
"வௌவாலுக்குக் கண் தெரியாது."
"வௌவால் ரத்தம் குடிக்கும்."
"வௌவாலைப் பார்த்தாலே அருவருப்பு."
"வௌவால்களைப் பாதுகாக்க வேண்டும்."

முதலாவதில் சண்டை வராது. இரண்டாவது சரிபார்க்கக்கூடியது, ஆனால் தவறு. வௌவால்களுக்குப் பார்வை உண்டு. வகுப்பு சூடுபிடிப்பது மூன்றாவதில். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன, அவற்றில் ரத்தம் குடிப்பவை 3 மட்டுமே. அப்படியானால் அந்த வாக்கியம் சரியா, தப்பா? "சில வௌவால்கள்" என்று திருத்தலாம் என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்த "சில" வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது சொல்பவரின் உணர்வு, அதோடு யாரும் வாதாட முடியாது. ஐந்தாவதை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள். அடுத்த பதிலில் அது தேவைப்படும்.

ஒரு தந்தை: டீச்சர், என் மகள் எட்டாம் வகுப்பு. எது சொன்னாலும் "அது உங்க கருத்துப்பா" என்று முடித்துவிடுகிறாள். "ஒருவரைக் கேலி செய்து அழவைப்பது தவறு" என்றேன், அதற்கும் இதே பதில். பள்ளியில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்களா?

உங்கள் கோபம் நியாயமானதுதான் சார். இரண்டே கட்டம் போட்டு, ஒன்றில் தகவல், மற்றதில் கருத்து என்று பழக்கினால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். 'தகவல்' கட்டம் கௌரவமானது, 'கருத்து' கட்டம் குப்பைக்கூடை என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் பிடிக்காத எதையும் அந்தக் கூடையில் போடலாம் அல்லவா?

கருத்திலேயே இரண்டு தினுசு உண்டு. "எனக்கு நீலம் பிடிக்கும்" என்பது விருப்பம், அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. "வௌவால்களைப் பாதுகாக்க வேண்டும்" என்பது தீர்ப்பு. காரணம் கேட்டே ஆக வேண்டும். அவை பூச்சிகளைத் தின்கின்றன, பல செடிகளின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன என்று ஒருவர் தகவல்களை அடுக்கலாம். இன்னொருவர் மறுக்கலாம். எந்தப் பக்கத்தின் காரணங்கள் வலுவானவை என்று எடைபோட முடியும். அமெரிக்காவின் காமன் கோர் பாடத் தரங்களில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான வரலாற்று வாசிப்புக்கு இந்த மூன்றையுமே கேட்கிறார்கள்: தகவல், கருத்து, காரணங்களோடு கூடிய தீர்ப்பு. மூன்றாவதை விட்டுவிட்டுப் பாடம் நடத்துவது எனக்கு அறவே பிடிக்காது.

மகளிடம் இதைப் பேசிப் பாருங்கள்: "பள்ளி காலையில் இன்னும் தாமதமாகத் தொடங்க வேண்டும்." அவளுக்கு நிச்சயம் பிடித்த வாக்கியமாக இருக்கும்! அதன் கீழே என்னென்ன தகவல்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். பதின்ம வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் பின்தள்ளிப் போகிறது என்பது சரிபார்க்கக்கூடியது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் பரிந்துரைத்தது, அதுவும் சரிபார்க்கக்கூடியதே. ஆனால் பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் வசதி பெரிதா, பிள்ளையின் தூக்கம் பெரிதா என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அங்கேதான் அவள் காரணம் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சு நன்றாகப் போனால் கேலி பற்றிய வாக்கியத்துக்குத் திரும்பி வாருங்கள். "ஆமாம், என் கருத்துதான். என் காரணங்கள் இவை, உன் காரணங்களைச் சொல்" என்று நீங்கள் சொன்னால், "உங்க கருத்துப்பா" என்பது பேச்சை முடிக்கும் ஆயுதமாக இருக்காது.

மொழிப்பாட ஆசிரியர்: "சிறந்த", "மோசமான", "நான் நினைக்கிறேன்" போன்ற அடையாளச் சொற்களை மனப்பாடம் செய்யவைத்தால் போதாதா?

முதல் வாரத்துக்குப் போதும். அதற்கு மேல் அதுவே கண்ணைக் கட்டிவிடும். "பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று நான் நினைக்கிறேன்" என்று எழுதிப் போடுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை கருத்து என்பான். "இது 100 சதவீதம் சிறந்த முடிவு" என்றால் எண்ணைப் பார்த்துவிட்டுத் தகவல் என்பான்.

கருத்து பெரும்பாலும் இப்படி அறிவிப்போடு வருவதில்லை. வினைச்சொல்லில் ஒளிந்துகொண்டு வரும். ஒருவர் பேசியதை "கூறினார்" என்று எழுதலாம், "ஒப்புக்கொண்டார்" என்று எழுதலாம், "மழுப்பினார்" என்றும் எழுதலாம். பேச்சு ஒன்றுதான், எழுதியவரின் தீர்ப்பு மாறுகிறது. "40 பேர் வந்தார்கள்", "வெறும் 40 பேர்தான் வந்தார்கள்", "40 பேர் திரண்டு வந்தார்கள்" ஆகிய மூன்றிலும் எண் ஒன்றே. ஒரு செய்தியைக் கொடுத்து, இந்தச் சொற்களையெல்லாம் உருவிவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். அடையாளச் சொல் பட்டியலைவிட அது பல மடங்கு வேலை செய்யும். பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பீசா என்ற சர்வதேசத் தேர்வில், 2018-இல், மறைமுகக் குறிப்புகளை வைத்துத் தகவலையும் கருத்தையும் பிரிக்க முடிந்தவர்கள், அதை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியில், பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவு.

ஒரு தாய்: எல்லாத் தகவலும் சரியாக இருந்தும் ஒரு செய்தி நம்மை ஏமாற்ற முடியுமா?

தாராளமாக. ஓர் அணி இந்த ஆண்டு 20 ஆட்டங்கள் ஆடி 8-இல் வென்றது, கடைசி ஐந்தில் நான்கு வெற்றி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முதல் எண்ணை மட்டும் சொல்வார், இன்னொருவர் இரண்டாவதை மட்டும் சொல்வார். இருவர் சொன்னதும் பொய்யில்லை. "இதில் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்கப் பழக்குங்கள்.

வரலாற்று ஆசிரியர்: என் பாடத்தில் ஆண்டுகளைத் தவிர மற்றதெல்லாம் யாரோ ஒருவரின் கருத்தாகத்தான் தெரிகிறது. எங்கே கோடு கிழிப்பது?

முதல் உலகப் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு மாதம் கழித்து, ஜூலை 28-இல், ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது. இவை தகவல்கள். "போருக்கு ஜெர்மனிதான் காரணம்" என்பது தீர்ப்பு, வரலாற்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது இதைப் பாருங்கள்: "போரின் இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்று 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 231-ஆவது பிரிவு சொல்கிறது." இது தகவல். ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்துவிடலாம். உள்ளே இருப்பது தீர்ப்பு, அந்தத் தீர்ப்பு சொல்லப்பட்டது என்பது தகவல்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். "இன்னார் சொன்னார்" என்பது உறுதியாகிவிட்டால், அவர் சொன்னதே உறுதியாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: சொன்னாரா? சொன்னது சரியா?

அறிவியல் ஆசிரியை: புளூட்டோ கோள் என்று படித்தோம், பிறகு இல்லை என்றார்கள். "அப்போ தகவலும் மாறுமே, எல்லாமே கருத்துதானே மிஸ்?" என்று ஒரு மாணவன் மடக்கிவிட்டான்.

நல்ல பையன், விட்டுவிடாதீர்கள். 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கான வரையறையை முடிவு செய்தபோது புளூட்டோ குறுங்கோள் ஆனது. வானத்தில் எதுவும் நகரவில்லை. எந்தப் பெட்டியில் வைப்பது என்ற மனித முடிவுதான் மாறியது. எவரெஸ்ட் வேறு வகை. நெடுங்காலமாக 8,848 மீட்டர் என்று படித்தோம். 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. இங்கே அளவீடு கூர்மையானது. இரண்டிலுமே மாற்றத்துக்குக் காரணம் காட்ட முடியும், யார் வேண்டுமானாலும் அந்தக் காரணத்தைப் பரிசோதிக்கலாம். "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று யாரும் மாற்றிவிடவில்லை. அதை அந்தப் பையனையே கண்டுபிடிக்க விடுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி: டீச்சர், அப்படியானால் கட்டுரையில் நான் என் கருத்தையே எழுதக் கூடாதா?

எழுது அம்மா. கருத்தே இல்லாத கட்டுரையை யார் படிப்பார்கள்? கருத்துக்கு அடுத்த வரியில் "ஏனென்றால்" வந்தால் சரி.

இன்னொரு தாய்: என் பையன் வீடியோ, விளம்பரம், செய்தி எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்க்கிறான். இணையத்தில் பார்ப்பதை எப்படிச் சரிபார்க்கச் சொல்வது?

அவன் மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், "விளம்பரதாரர் உள்ளடக்கம்" என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்த விளம்பரத்தைக்கூட நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் செய்தி என்றே நம்பினார்கள். தகவல் சரிபார்ப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் அதே குழு பின்னர் கவனித்தது. அவர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் அழகை ஆராய்வதில்லை. உடனே வெளியே வந்து, இந்தத் தளம் யாருடையது, மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை உங்கள் பையனுக்கு நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள். செயற்கை நுண்ணறிவு தரும் பதிலுக்கும் இதுவே பொருந்தும். அது தயங்காமல் சொல்வதால் சரி என்று ஆகிவிடாது.

மழலையர் வகுப்பு ஆசிரியை: ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு இதெல்லாம் சீக்கிரம் இல்லையா?

தகவல், கருத்து என்ற பெயர்கள் வேண்டாம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தபடி கேட்டால் போதும்.

தேர்வுத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்: பத்து வாக்கியம், த அல்லது க என்று எழுத வேண்டும், ஆளுக்குப் பத்து மதிப்பெண். இதைவிட நல்ல முறை இருக்கிறதா?

கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஐந்து கிடைக்கும் தேர்வு அது. வாக்கியங்களை நான்காகக் குறைத்துவிடுங்கள். தகவல் என்று எழுதினால் எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு வரி எழுத வேண்டும். தீர்ப்பு என்றால் அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ ஒரு காரணம் வேண்டும். வகைக்கு ஒரு மதிப்பெண், அந்த ஒரு வரிக்கு இரண்டு. நான்கில் ஒன்றாவது தவறான தகவலாக இருக்கட்டும். இன்னொன்றில் தகவலும் தீர்ப்பும் ஒரே வாக்கியத்தில் கலந்திருக்கட்டும், அங்கே இரண்டையும் பிரித்து அடிக்கோடிடச் சொல்லுங்கள். நீங்கள் எதிர்பார்த்த வகை வராமல் காரணம் மட்டும் உறுதியாக இருந்தால், காரணத்துக்கான மதிப்பெண்ணைத் தயங்காமல் போடுங்கள். திருத்த நேரம் கூடத்தான் பிடிக்கும்.