டைம்லைனும் விசைப்பலகையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நேர்காணல் காணொளிகளை பிரீமியர் மென்பொருளில் தொகுக்கிறேன். ஷார்ட்கட் பட்டியலை அச்சிட்டு மனப்பாடம் செய்தும் கை மவுஸுக்கே போகிறது. இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

பதில்: பட்டியலை எடுத்து வைத்துவிட்டு ஐந்தே விசைகளோடு தொடங்குங்கள். முதல் மூன்று ஜே, கே, எல். எல் விசையை அழுத்தினால் கிளிப் முன்னோக்கி ஓடும், மறுபடி அழுத்தினால் வேகம் கூடும். கே நிறுத்தும், ஜே பின்னோக்கி ஓட்டும். கே விசையை அழுத்திப் பிடித்தபடி எல் விசையை ஒருமுறை தட்டினால் ஒரே ஒரு ஃப்ரேம், அதாவது காணொளியின் ஒரு தனிப்படம், நகரும். வலது கை இந்த மூன்றின் மேலேயே இருக்கட்டும்.

இடது கைக்கு க்யூ, டபிள்யூ போதும். பேசுபவர் தொண்டையைச் செருமி, "அதாவது..." என்று இழுத்து, பிறகுதான் பதிலைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லில் ஓடவிட்டு, பதில் தொடங்கும் இடத்தில் கேயில் நிறுத்தி, அவர் மூச்சை உள்ளிழுக்கும் ஒலி மிஞ்சும்படி சில ஃப்ரேம்கள் பின்னால் வந்து, க்யூவை அழுத்துங்கள். கிளிப்பின் தொடக்கத்திலிருந்து பிளேஹெட் (நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் கோடு) வரை உள்ள பகுதி நீங்கி, இடைவெளியும் தானே மூடிக்கொள்ளும். டபிள்யூ இதையே மறுபுறம், அதாவது பிளேஹெட்டிலிருந்து கிளிப்பின் முடிவு வரை செய்யும். வெட்டு, தேர்வு, நீக்கம், இடைவெளியை மூடுதல் என மவுஸில் நான்கு படிகளில் முடியும் வேலை இங்கே ஒரே தட்டில் முடிகிறது. அந்த மூச்சொலியை மட்டும் தவறியும் வெட்டிவிடாதீர்கள். அது போய்விட்டால் பேச்சு எந்திரத்தனமாக ஒலிக்கும்.

ஒன்றில் கவனம் வேண்டும். இடைவெளி மூடும்போது மற்ற டிராக்குகளில் (படமும் ஒலியும் தனித்தனியாக அடுக்கப்பட்ட வரிசைகளில்) உள்ளவையும் சேர்ந்து நகரக்கூடும். பின்னணி இசை அசையக் கூடாது என்றால் அந்த டிராக்கை முதலிலேயே பூட்டி வையுங்கள். சேர்ந்தே நகர வேண்டிய ஒலியைப் பூட்டினாலோ உதட்டசைவும் குரலும் பிரிந்துவிடும்.

கேள்வி: அசைவுகளை உருவாக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் தலைப்பு எழுத்தை இடப்புறத்திலிருந்து உள்ளே வரவைக்கிறேன். ஏதோ தள்ளிவிட்டதுபோல் வந்து சட்டென்று நிற்கிறது. எங்கே பிழை?

பதில்: இரண்டு கீஃப்ரேம்களுக்கு (ஒரு நேரத்தில் எழுத்து எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பதியும் குறிகளுக்கு) நடுவே வேகம் மாறாமல் இருப்பதே காரணம். முடிவிலிருந்து தொடங்குவது எளிது. தலைப்பு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வைத்து, ஆல்ட், ஷிஃப்ட், பி (P) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிலைக்கான கீஃப்ரேம் பதிவாகும். ஷிஃப்ட்டுடன் பேஜ் அப் ஒருமுறை, பேஜ் அப் மட்டும் இருமுறை அழுத்தினால் 12 ஃப்ரேம் பின்னால் வருவீர்கள். வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் இது ஏறக்குறைய அரை வினாடி. அங்கே எழுத்தைத் திரைக்கு வெளியே நகர்த்துங்கள், தொடக்கக் கீஃப்ரேம் தானே உருவாகும். கடைசிக் கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டுடன் எஃப்9 அழுத்தினால், எழுத்து வேகம் தணிந்து வந்து நிற்கும். பலரும் இரு முனைகளிலும் வெறும் எஃப்9 அழுத்துகிறார்கள். திரைக்கு வெளியே தொடங்கும் அசைவின் முதல் கணம் யார் கண்ணிலும் படாதபோது அதை மெதுவாக்குவதால் பயனில்லை; எழுத்து தாமதமாக வருவதுபோல் தோன்றுவதுதான் மிச்சம். பிறகு திருத்த வேண்டுமானால் தலைப்பு இருக்கும் அடுக்கான லேயரைத் தேர்ந்தெடுத்து யு விசையை அழுத்துங்கள், கீஃப்ரேம் உள்ள பண்புகள் மட்டும் விரியும். பிரீமியரிலிருந்து வருபவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது, இங்கே ஜேயும் கேயும் முந்தைய, அடுத்த கீஃப்ரேமுக்குத் தாவும் விசைகள்.

கேள்வி: சில சமயம் எந்த ஷார்ட்கட்டும் வேலை செய்வதில்லையே?

பதில்: தமிழில் தலைப்பு தட்டச்சு செய்தபின் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, திரையின் எந்தப் பகுதி (பேனல்) செயலில் இருக்கிறது என்று பாருங்கள். கிளிப்கள் நேர வரிசையில் இருக்கும் டைம்லைனை ஒருமுறை சொடுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் விசைகள் இயங்கியும் படம் மட்டும் புதுப்பிக்கப்படாமல் நின்றால், கேப்ஸ் லாக் விசை போடப்பட்டிருக்கும்.