கட்டில் கால்மாட்டில் ஒரு கேமரா

(கல்யாண வீட்டில் தோளில் விஎச்எஸ் கேமரா சுமந்த காலத்தில் இருந்தே பேய்ப்படம் பார்ப்பவன் நான். இந்த முறை, கதாபாத்திரங்களே எடுத்த வீடியோ போலக் காட்டப்படும் பேய்வீட்டுப் படங்களைப் பற்றிய கேள்விகள் மட்டும்.)

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ பார்த்தேன். பாதிப் படம் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருக்கும் ரெண்டு பேர் தூங்குகிறார்கள். இதற்கா இவ்வளவு பேர்?
*வாசகர், நாமக்கல்*

ஆமாம், அந்தத் தூக்கம்தான் படம். எடுத்த ஓரன் பெலி ஒரு வீடியோ கேம் புரோகிராமர். சினிமா அனுபவம் கிடையாது. 2006இல் சான் டியாகோவில் தன் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில் எடுத்தார். செலவு சுமார் 15,000 டாலர். 2009இல் பாராமவுண்ட் பெரிய அளவில் வெளியிட்டபோது உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வந்தது.

பணத்தை விடுங்கள், ஃப்ரேமைப் பாருங்கள். கட்டிலின் கால்மாட்டில் ட்ரைபாட். வலது பக்கம் இருவரும் தூங்குகிறார்கள். இடது பக்கம் திறந்த கதவு, அதற்கு அப்பால் இருட்டு. திரையின் மூலையில் நேரம் ஓடுகிறது, வேகமாக. திடீரென்று அந்த ஓட்டம் நின்று சாதாரண வேகத்துக்கு வருகிறது. எதுவும் நடக்கவில்லை; ஆனாலும் நிமிர்ந்து உட்காருகிறோம். கதவு கொஞ்சமாக நகர்கிறது. திரும்ப வருகிறது. அவ்வளவுதான்!

மற்ற பேய்ப்படங்களில் எங்கே பார்க்க வேண்டும் என்று கேமராமேன் சொல்லிவிடுவார். வயலின் கிறீச்சிடும், க்ளோசப் வரும், ‘சரி, இப்போ பயப்படலாம்’ என்று நமக்கு உத்தரவு கிடைக்கும். இங்கே பின்னணி இசையும் இல்லை, க்ளோசப்பும் இல்லை. கேமராவுக்கே விஷயம் தெரியாது. ஆகவே கதவா, போர்வையா, சுவரா என்று நாமே தேடுகிறோம். தேடுகிற கண்ணுக்குத்தான் பயம் சீக்கிரம் வரும்.

எனக்கு இது தொழிலில் பழக்கம். முகூர்த்தத்தில் என் கண் தாலியில்தான் இருக்கும். அப்புறம் ராத்திரி மிக்ஸிங் உட்காரும்போது அதே கேசட்டில் வேறு கல்யாணம் தெரியும். ஓரத்தில் பெண்ணின் அப்பா தூணுக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். யாரோ ஒருவர் மொய்க்கவரைப் பிரித்து நோட்டைக் குறைத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். எடுத்தவன் நான்தான், ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பேயே வேண்டாம், அந்த நேரத்தில் முதுகு கொஞ்சம் சில்லிடத்தான் செய்யும்.

பேய் துரத்தும்போதும் கேமராவைக் கீழே போடாமல் எடுக்கிறார்களே, இது நம்புகிற மாதிரியா இருக்கிறது? வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போக வேண்டியதுதானே?
*வாசகி, தென்காசி*

இரண்டாவது கேள்விக்குப் படத்திலேயே பதில் உண்டு. பார்க்க வருகிற நிபுணர், அது வீட்டைப் பிடித்ததல்ல, நாயகி கேட்டியைப் பிடித்தது, எங்கே போனாலும் கூட வரும் என்று சொல்லிவிடுகிறார். வீடு மாறி என்ன பிரயோஜனம்?

முதல் கேள்விக்கு நானே சாட்சி. ஒரு கல்யாணத்தில் சம்பந்திகளுக்குள் சண்டை முற்றி நாற்காலி பறந்தது. லைட் பாய் ஓடிவிட்டான். நான் ஃபோகஸ் சரிபண்ணிக்கொண்டு இருந்தேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துவிட்டால் எதிரே நடப்பது வேறு யாருக்கோ நடப்பது போல இருக்கும். மைக்கா என்கிற அந்த இளைஞனும் அப்படித்தான். பேயை விரட்டுவதைவிடப் பதிவு பண்ணுவதில்தான் அவனுக்கு அக்கறை. கேட்டி எரிச்சல்படுவது நியாயம்.

இதன் தொடர்ச்சிப் படங்களில் பார்க்கத் தகுந்தது எது?
*வாசகர், ஈரோடு*

மூன்றாவது, 2011. கதை 1988இல் நடக்கிறது, நாயகன் டென்னிஸ் கல்யாண வீடியோ எடுப்பவர். நம்ம ஆள்! டேபிள் ஃபேனின் தலையைக் கழற்றி, இடமும் வலமும் திரும்புகிற அந்த அடிப்பாகத்தில் கேமராவைப் பொருத்துகிறார். ஒரு பக்கம் ஹால், மறுபக்கம் சமையலறை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம். கேமரா ஹாலுக்குத் திரும்பிவிடுகிறது. அது அவசரப்படாது, நாம் கெஞ்சினாலும் சீக்கிரம் திரும்பாது. இத்தனை மலிவான, இத்தனை புத்திசாலித்தனமான கேமரா அசைவை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. மீதித் தொடர்ச்சிகள், பேயை விளக்க ஆரம்பித்ததிலேயே கெட்டுப்போயின. பேய்க்குக் குடும்ப வரலாறு எதற்கு?

ஆடுகிற கேமரா எனக்குத் தலைவலி தருகிறது.
*வாசகர், புதுச்சேரி*

1999இல் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ வந்தபோது தியேட்டரிலேயே பலருக்குக் குமட்டியது. கடைசி வரிசையில் உட்காருங்கள். இல்லையென்றால் ட்ரைபாட் படமாகப் பாருங்கள்.

உண்மைச் சம்பவம் என்று ஏமாற்றுவது சரியா?
*வாசகி, மதுரை*

டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவரை ஏமாற்றலாம், அவர் கேட்டுத்தான் வாங்குகிறார். வீட்டு டிவியில் சிக்கல். 1992 அக்டோபர் 31 அன்று பிபிசி ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற நாடகத்தை நேரலை போல ஒளிபரப்பியது. மைக்கேல் பார்க்கின்சன் போன்ற நிஜத் தொகுப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வந்தார்கள். லண்டனில் சாதாரணமான ஒரு வீடு, ஓர் அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். திரையில் காட்டிய போன் எண் நிஜமாகவே வேலை செய்தது. லைன் கிடைத்தவர்களுக்கு இது கற்பனை என்று சொன்னார்கள், ஆனால் நிறையப் பேருக்கு எங்கேஜ்டு டோன்தான் கிடைத்தது. புகார்கள் குவிந்தன. அதற்குப் பிறகு பிபிசி அதை மறுஒளிபரப்பே செய்யவில்லை. எழுதிய ஸ்டீபன் வோல்க்கின் திறமைக்குச் சலாம். ஆனால் முகம் தெரிந்த தொகுப்பாளரை நம்பி உட்கார்ந்த சின்னப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

இந்த மாதிரிப் படம் பார்த்த பிறகு எங்கள் வீட்டு சிசிடிவியில் ராத்திரி வெள்ளை உருண்டைகள் மிதப்பதைப் பார்த்தேன். பயமாக இருக்கிறது.
*வாசகர், ஓசூர்*

இருட்டில் கேமரா தானே அகச்சிவப்பு வெளிச்சம் அடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸுக்கு மிகப் பக்கத்தில் பறக்கிற தூசி, கொசு, பூச்சி எல்லாம் அந்த வெளிச்சத்தில் ஃபோகஸ் இல்லாத வெள்ளை உருண்டையாகத் தெரியும். பூச்சி இருந்தால் அதைத் தேடிச் சிலந்தியும் வரும், வலை கட்டும். ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, காய்ந்த துணியால் வலையைத் துடையுங்கள். பகலில்.