சொந்தமாக டாஸ்க் போர்டு எழுதுகிறோம், கார்டு வரிசை குழம்புகிறது

கேள்வி: எங்கள் டெவலப்மென்ட் டீமில் 12 பேர். கடையில் கிடைக்கும் டூல்கள் எல்லாம் எங்களுக்குத் தேவைக்கு மேல் கனமாக இருப்பதால், ரியாக்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்து நாங்களே ஒரு டாஸ்க் போர்டு (ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு, 'நடப்பில்', 'முடிந்தது' என்று லிஸ்ட்கள்) எழுதிவிட்டோம். கார்டை இழுத்துப் போடுவது வேலை செய்கிறது. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நகர்த்தினால் வரிசை கலைந்துவிடுகிறது. இப்போது மேனேஜர் வேறு, ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வரிசைப் பிரச்சினையை முதலில் பார்ப்போம். நீங்கள் ஒவ்வொரு கார்டுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டு, கார்டு விழுந்ததும் மொத்த லிஸ்டையும் புது எண்களோடு சர்வருக்கு அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன், முதல் முறை எழுதும் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். உங்கள் திரையில் இருந்த பழைய வரிசை, இன்னொருவர் அரை நொடிக்கு முன்னால் செய்த மாற்றத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். லிஸ்டை அனுப்பவே கூடாது. "இந்தக் கார்டு, இந்த இரண்டு கார்டுகளுக்கு நடுவில்" என்ற ஒரு செய்தி மட்டும் போகட்டும், எண்ணை சர்வர் கணக்குப் போடட்டும்.

எண்ணுக்கு இடைவெளி விட்டு வையுங்கள். மேலே 1024, கீழே 2048 என்றால் நடுவில் வரும் கார்டுக்கு 1536. மற்ற கார்டு எதையும் தொட வேண்டியதில்லை, ஒரே ஒரு வரிதான் அப்டேட் ஆகும். டிரெல்லோ என்ற டாஸ்க் போர்டு டூலும் கார்டின் இடத்தை இப்படித் தசம எண்ணாகத்தான் வைக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாதியாக்கிக்கொண்டே போனால் சுமார் 50 முறைக்குப் பிறகு தசமத்தின் துல்லியம் தீர்ந்துபோகும், அப்போது அந்த லிஸ்டுக்கு மட்டும் 1024, 2048, 3072 என்று மறுபடி எண் போட்டுவிடுங்கள். ஜிரா என்ற இன்னொரு டூல் இதற்கு லெக்ஸோரேங்க் என்று எண்ணுக்குப் பதில் எழுத்துச் சரங்களை வைத்திருக்கிறது. அந்த வழியில் போனால் போஸ்ட்கிரெஸில் அந்த ஃபீல்டின் கொலேஷனை (எழுத்துகளை எப்படி வரிசைப்படுத்துவது என்ற விதி) 'சி' என்று வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டேட்டாபேஸ் ஒரு வரிசை சொல்லும், பிரவுசர் ஒரு வரிசை சொல்லும். 12 பேருக்குத் தசமமே தாராளம்.

சரி, இரண்டு பேர் ஒரே இடைவெளியில் ஒரே நேரத்தில் போட்டால்? இருவருக்கும் 1536 வரும். லிஸ்டின் வரியை டிரான்ஸாக்‌ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்ற தொகுப்பு) ஒரு கணம் பூட்டிவிட்டு எண்ணைக் கணக்கிடுங்கள், தீர்ந்தது. நகர்த்துவதில் கடைசியாக வந்தவர் ஜெயித்தால் பெரிய பாதகமில்லை. ஆனால் கார்டின் விளக்கத்தை இரண்டு பேர் திறந்து வைத்து எழுதும்போது அப்படி விடாதீர்கள், முன்னால் எழுதியவரின் நாலு பத்தி சத்தமில்லாமல் காணாமல் போகும். ஒரு வெர்ஷன் எண் வைத்து, பொருந்தாவிட்டால் சர்வரிலிருந்து 409 ('முரண்பாடு' என்ற பிழை எண்) திருப்பி அனுப்பி, "இதற்குள் வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று காட்டுங்கள். மாற்றங்களை மற்றவர் திரைக்கு உடனே அனுப்ப இரு பக்கமும் பேசும் வெப்சாக்கெட் இணைப்பு கட்டாயமில்லை, சர்வர் பக்கத்திலிருந்து மட்டும் வரும் எஸ்எஸ்இ போதும். மூடிய லேப்டாப்பைத் திறந்து கனெக்‌ஷன் மறுபடி வரும்போது, மொத்த போர்டையும் ஒருமுறை புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஒருவர் கார்டை இழுத்துக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து வரும் மாற்றத்தைத் திரையில் போடாமல் கை விடும்வரை நிறுத்தி வையுங்கள்.

மேனேஜர் கேள்விக்கு வருவோம். இதற்குத்தான் அவசரம் என்பேன். கார்டு டேபிளில் 'இப்போது எங்கே இருக்கிறது' என்பது மட்டும் இருந்தால் கடந்தகாலம் அழிந்துகொண்டே இருக்கிறது, அதைப் பின்னால் மீட்க முடியாது. கடைசியாக மாறிய நேரம் இருக்கிறதே என்று அதை நம்பாதீர்கள், யாராவது எழுத்துப்பிழை திருத்தினாலும் அது மாறும். தனியாக ஒரு டேபிள் போடுங்கள்: எந்தக் கார்டு, எந்த லிஸ்டிலிருந்து எதற்கு, யார், எப்போது. கார்டை நகர்த்தும் அதே டிரான்ஸாக்‌ஷனில் இதில் ஒரு வரி சேர வேண்டும், சேர்ந்த வரியை யாரும் திருத்தக் கூடாது. நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) வையுங்கள். கார்டு முதன்முதலில் 'நடப்பில்' வந்ததிலிருந்து கடைசியாக 'முடிந்தது' போனதுவரை உள்ள நாட்கள்தான் அவர் கேட்கும் கணக்கு.

ஆனால் சராசரியைக் கொடுக்காதீர்கள். 10 கார்டில் 9 கார்டு 2 நாளில் முடிந்து ஒன்று 30 நாள் இழுத்தால் சராசரி 4.8 நாள், அப்படி ஒரு கார்டே உங்கள் போர்டில் கிடையாது. நடுவெண்ணையும் (நாட்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), 85 சதவீதக் கார்டுகள் எத்தனை நாளுக்குள் முடிகின்றன என்பதையும் காட்டுங்கள், 30 நாள் கார்டைத் தனியாகக் காட்டி ஏன் என்று பேசுங்கள்.

நாட்களைக் குறைக்க வேண்டுமென்றால், ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி ஒன்று இருக்கிறது: கையில் இருக்கும் வேலைகள் = ஒரு நாளில் முடிபவை × ஒரு வேலைக்கு ஆகும் நாட்கள், எல்லாம் சராசரியில். 24 கார்டு நடப்பில் இருந்து நாளுக்கு 4 முடிந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 6 நாள் எடுக்கும். எல்லோரையும் விரட்டுவதைவிட 24-ஐ 12 ஆக்கிப் பார்ப்பது நல்லது. டொயோட்டாவில் தைச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் அட்டையும் 'இவ்வளவுக்கு மேல் செய்யாதே' என்பதற்கான கட்டுப்பாடுதான். அதனால் லிஸ்டுக்கு ஒரு வரம்பு வையுங்கள், தாண்டினால் தலைப்பு சிவப்பாகட்டும், ஆனால் கார்டைத் தடுக்காதீர்கள். தடுத்தால் ஆட்கள் போர்டுக்கு வெளியே வேலை செய்யத் தொடங்குவார்கள், உங்கள் கணக்கு பொய்யாகிவிடும்.

லைப்ரரி விஷயம் ஒன்று. கார்டை இழுத்துப் போட ரியாக்ட் பியூட்டிஃபுல் டிஎன்டி பயன்படுத்தியிருந்தால் மாற்றுங்கள், அதை எழுதிய அட்லாசியன் நிறுவனம் அதைக் கைவிட்டு பிராக்மேட்டிக் டிராக் அண்ட் டிராப் என்று வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. எதைப் போட்டாலும் கார்டுக்குள் 'நகர்த்து' என்று ஒரு சாதாரண மெனுவும் இருக்கட்டும், போனிலும் கீபோர்டிலும் இழுப்பது தொல்லை.

அடுத்து 'எங்களுக்குத் தனி ஃபீல்டு வேண்டும், தனி அனுமதி வேண்டும்' என்று ஒவ்வொருவராக வருவார்கள். அதற்கெல்லாம் தலையாட்டினால், கனமாக இருக்கிறது என்று நீங்கள் விட்டு வந்த டூலையே திரும்ப எழுதுவீர்கள். நேரம் இருந்தால் கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) இணைப்பைச் செய்யுங்கள்: கோடின் தனிக் கிளையான பிராஞ்சின் பெயரில் கார்டு எண் இருந்தால், அது முக்கியக் கோடோடு மெர்ஜ் ஆனதும் கார்டு தானாக 'டெஸ்டிங்'குக்குப் போகட்டும்.