ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... படபடப்பு மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. மறதி நோய் வந்த மாமியாரை மூன்று வருடமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து, 'ஊருக்குப் போகணும்' என்று கதவைத் திறக்கப் பார்ப்பார். சில மாதங்களாக எனக்குப் படபடப்பு, பிடரி வலி, வயிறு உப்புசம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறேன். எனக்கும் அந்த நோய் வருகிறதோ என்று பயமாக இருக்கிறது. இசிஜி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். டாக்டர் 'டென்ஷனைக் குறைச்சுக்கோங்க' என்றார். என் கணவர், 'உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்' என்கிறார். நிஜமாகவே இது என் கற்பனையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை சகோதரி. படபடப்பும் நிஜம், பிடரி வலியும் நிஜம். இசிஜி நார்மல் என்றால், அதை எடுத்த நேரத்தில் இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். அது நல்ல செய்திதான். ஆனால் மூன்று வருடமாக நீங்கள் படும் பாடு அந்தத் தாளில் பதிவாகாது.

ராத்திரி இரண்டு மணிக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. நீங்கள் எழுந்து உட்கார்வதற்குள், சிறுநீரகங்களுக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விட்டுவிடும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடும். கழுத்தும் தோளும் இறுகும். வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து செரிமானம் தடைபடும். சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் ஏறும். இயல்பாக அது முன்னிரவில் மிகக் குறைவாக இருந்து, விடியும் நேரத்தில்தான் கூட வேண்டும். உங்களுக்கோ நடுராத்திரியிலேயே உடம்பு பகல் போல முறுக்கிக்கொள்கிறது. மாமியார் திரும்பப் படுத்த பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராததற்கு இதுதான் காரணம். அடுத்த சத்தம் எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பதும் உடம்புக்கு வேலைதான்.

உங்கள் கணவர் இதைப் படித்தால் நல்லது: 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களையும், அப்படி யாரையும் பார்த்துக்கொள்ளாத, கிட்டத்தட்ட அதே வயதுள்ள 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தோலில் ஒரே அளவில், 3.5 மில்லிமீட்டர் காயம் செய்தார்கள். முதல் குழுவினருக்குக் காயம் ஆற சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. சின்ன ஆய்வுதான். ஆனால் எல்லாம் மனசுதான் என்றால், தோலில் பட்ட காயம் ஆற ஏன் தாமதமாக வேண்டும்?

அடுத்து, பால். அடுப்பில் வைக்கும்போது உங்கள் கவனம் முழுக்க மாமியார் அறையில் இருந்திருக்கும். கவனத்தில் பதியாதது நினைவில் எப்படித் தங்கும்? பதிந்ததையும் மூளை தூக்கத்தில்தான் நிலைப்படுத்துகிறது. உங்களுக்கு அந்தத் தூக்கமும் இல்லை. 46 வயதில் மறதி நோய் வருவது அபூர்வம். 'ஐயோ, பால்!' என்று பிறகாவது ஞாபகம் வருகிறதென்றால், காரணம் பெரும்பாலும் தூக்கக்கேடும் அலைச்சலும்தான். நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகும் மறதி தொடர்ந்தால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? 'டென்ஷனைக் குறைச்சுக்கோங்க' என்பது எனக்கு உடன்பாடில்லாத அறிவுரை. குறைய வேண்டியது உங்கள் சுமை. அதை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று ராத்திரி உங்கள் கணவர் தன் அம்மாவின் அறையில் படுக்கட்டும். நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். காலையில் வேலைக்குப் போக வேண்டுமே என்பார். காலையில் உங்களுக்கும்தான் வேலை இருக்கிறது. நாத்தனார், கொழுந்தனார் இருந்தால் மாதத்தில் சில நாளாவது அவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும். இதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

மாமியார் ஏன் அத்தனை தடவை விழிக்கிறார் என்றும் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, பகலில் அதிகம் தூங்குவது, மாத்திரை கொடுக்கும் நேரம் என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். இது அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் தூக்கம்.

படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததை விட நீளமாக விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும். அந்த நேரத்துக்கு இது கை கொடுக்கும், அவ்வளவுதான்.

மாதவிலக்கு முன்பின்னாக வருகிறதா, திடீர் திடீரென்று உடம்பு சூடாகி வியர்க்கிறதா? இந்த வயதில் ஹார்மோன் மாற்றத்தாலும் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். மகளிர் நல மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால், 'பழைய படபடப்புதானே' என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனசு விட்டுப் பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் இருக்கிறது: 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் தாமதிக்காமல் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.