பினாங்கில் தங்குவது எங்கே: பத்து பெரிங்கியா, லிட்டில் இந்தியாவா?

கேள்வி: நாங்கள் கிள்ளானில் இருக்கிறோம். வரும் பள்ளி விடுமுறையில் பினாங்கில் மூன்று இரவு தங்கலாம் என்று நினைக்கிறோம். நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் மாமியார் என்று ஐந்து பேர். மாமியாருக்கு 71 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். கணவருக்கு நாசி கண்டார் (சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தருவது) வேண்டும். பத்து பெரிங்கியில் அறை எடுப்பதா, லிட்டில் இந்தியாவுக்குள்ளேயே எடுப்பதா? காரில் வருவது நல்லதா, ரயிலா?

பதில்: சகோதரி, நீங்கள் சொன்ன இரண்டையும் விட்டு மூன்றாவது இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஜாலான் பர்மா, பூலாவ் தீக்குஸ், கர்னி டிரைவ் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. மூன்று இரவையும் அங்கேயே எடுங்கள். பத்து பெரிங்கிக்கு ஒரு முழுப் பகல் போய் வாருங்கள். லிட்டில் இந்தியாவுக்குச் சாயங்காலங்களில் போங்கள்.

பொதுவாக எல்லாரும் பகலில் பார்க்கப் போகும் இடங்களைக் கணக்குப் போட்டுத்தான் அறை தேடுகிறார்கள். பினாங்கு சின்னத் தீவு. பகலில் எங்கிருந்தும் எங்கேயும் போய்விடலாம். சிரமம் தொடங்குவது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான். பிள்ளைகள் களைத்துப் போயிருப்பார்கள், பெரியவர் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்திருப்பார், சாலையில் நெரிசல் கூடும். அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கடைக்கும் படுக்கைக்கும் எவ்வளவு தூரம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் குடும்பத்தில் இராச் சாப்பாட்டைத் தீர்மானிப்பது மாமியாரின் சைவம். அதனால் பத்து பெரிங்கி தானாகவே பின்னுக்குப் போய்விடுகிறது.

பத்து பெரிங்கியைக் குறை சொல்லவில்லை. நீளமான மணற்கரை, பெரிய கடற்கரை விடுதிகள், நீச்சல் குளம், சாலையோரத்தில் இரவுச் சந்தை எல்லாம் உண்டு. பிள்ளைகள் குளத்தை விட்டு ஏற மாட்டார்கள். ஆனால் நகரத்திலிருந்து அங்கே போக ஏறத்தாழ 15 கிலோமீட்டர், அதுவும் தஞ்சோங் பூங்காவைத் தாண்டியதும் மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய சாலை. நகரத்துக்குப் போக வேறு குறுக்கு வழி கிடையாது. தெலுக் பஹாங், பாலிக் பூலாவ் வழியாகத் தீவைச் சுற்றிக்கொண்டு வரலாம், அது இன்னும் தூரம், இன்னும் வளைவு. சாதாரண நாளில் அரை மணி நேரத்தில் வந்துவிடும் வழி, பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அங்கே வட இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஆனால் காலையில் இட்லி தோசை, மதியம் வாழையிலைச் சைவச் சாப்பாடு என்று மனம்போலத் தேர்ந்தெடுக்க நகரத்துக்குத்தான் வர வேண்டும். பத்து பெரிங்கியில் தங்கினால் தினமும் இரண்டு தடவை இந்தச் சாலையில் உட்கார வேண்டியிருக்கும்.

கடலைப் பற்றியும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பினாங்குக் கடல் லங்காவியின் வெளித்தீவுகளில் பார்ப்பதுபோல் நீலமாகத் தெளிந்து இருக்காது. அதோடு இந்த வடக்குக் கரையில் ஜெல்லிமீன் வருவதுண்டு. கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீனும் அதில் சேர்த்தி. கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். மழை பெய்து கடல் கலங்கியிருக்கும் நாளிலும் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையில் ஒரு சின்னப் புட்டி வினிகர் வைத்திருங்கள். ஜெல்லிமீன் கொட்டிவிட்டால் தேய்க்காமல் வினிகரை நிறைய ஊற்றிவிட்டு, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது லிட்டில் இந்தியா. மாமியாருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று தோன்றும். லெபு குவீனில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், லெபு பாசாரில் பூக்கடையும் புடவைக் கடையும், லெபு பினாங்கில் சைவ உணவகங்கள், கொஞ்ச தூரம் நடந்தால் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதற்கும் அருகில் நாகூர் தர்கா. நம் ஆட்கள் இந்தத் தீவில் கால் ஊன்றிய தெருக்கள் இவை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து நடத்திக் காட்ட வேண்டிய இடம். ஆனாலும் உங்களை அங்கே தங்கச் சொல்ல மாட்டேன்.

காரணம் கட்டடங்கள். 2008இல் பினாங்கு நகரமான ஜார்ஜ்டவுனின் பழைய பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமானது. அதற்குள் புதுக் கட்டடம் 18 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது விதி. பழைய கடைவீடுகளையும் இடிக்க முடியாது. அவற்றைத்தான் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கடைவீடு என்பது குறுகலாகவும் நீளமாகவும் கட்டிய வீடு. முன் அறைக்கும் பின் அறைக்கும் சன்னல் இருக்கும், நடு அறைக்கு இருக்காது. மாடிக்குச் செங்குத்தான மரப்படி. பல இடங்களில் மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலியோடு அந்தப் படியில் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறி இறங்குவது பெரியவருக்குத் தண்டனை. லெபு சூலியா, லோரோங் சிந்தா பக்கம் எடுத்தால் மதுக்கடைகளின் பாட்டுச் சத்தம் நள்ளிரவைத் தாண்டியும் கேட்கும். காருக்கும் இடம் இல்லை. ஒருவழிச் சாலைகளில் சுற்றிச் சுற்றி வர வேண்டும், சாலையோரத்தில் நிறுத்தினால் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியில் கட்டணம் கட்ட வேண்டும். இளம் தம்பதி கைப்பையோடு ரயிலில் வந்தால் அவர்களை இதே தெருக்களுக்குத்தான் அனுப்புவேன்.

சரி, நான் சொன்ன மூன்றாவது பகுதியில் என்ன இருக்கிறது? அடுக்குமாடி விடுதிகள், மின்தூக்கி, கார் நிறுத்துமிடம். பூலாவ் தீக்குஸில் காலைச் சந்தையும் அங்காடிக் கடைகளும் இருக்கின்றன. லோரோங் பர்மாவில் சயாம் கோயிலும் பர்மியக் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன, பிள்ளைகளுக்குப் படுத்திருக்கும் பெரிய புத்தரைக் காட்டலாம். கர்னியில் பேரங்காடிகள். திடீரென்று மழை வந்தாலும், மாமியார் ஒரு மதியம் ஓய்வெடுக்க வேண்டுமென்றாலும் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இருக்கும். தனியார் மருத்துவமனைகளும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருப்பது பெரியவரோடு வருபவர்களுக்கு ஒரு நிம்மதி. லிட்டில் இந்தியாவுக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீர்மலை இங்கிருந்து பக்கம். லிட்டில் இந்தியாவில் தங்குவதைவிட இங்கே தங்கினால் கோயிலுக்கு எளிதாகப் போகலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

தண்ணீர்மலையில் முருகன் சன்னதிக்கு 500க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். மாமியாரால் முடியாது என்றால் வருத்தப்பட வேண்டாம். அதே மலையடிவாரச் சாலையான ஜாலான் கெபுன் பூங்காவில் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் சமதரையில் இருக்கிறது, தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வந்து சேரும் இடம் அது. அங்கே அவர் அமைதியாக உட்கார்ந்து கும்பிடலாம், நீங்கள் பிள்ளைகளோடு மேலே போய் அவர் சார்பில் அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே போவது நல்லது. இன்னொரு வழியும் இருக்கிறது. பினாங்கு மலை உச்சியில் ஒரு முருகன் கோயில் உண்டு. மலை ரயில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும், உச்சியில் நடக்க முடியாதவர்களுக்குச் சிறு வண்டியும் கிடைக்கும். விடுமுறையில் ரயிலுக்கு வரிசை நீளம், முதல் சில பயணங்களைப் பிடிக்கப் பாருங்கள்.

கர்னியில் அறை எடுக்கும்போது ‘கடல் பார்த்த அறை’ என்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள். அந்தக் கரையில் கடலை மண்கொட்டி நிரப்பிப் பூங்கா போட்டிருக்கிறார்கள், தண்ணீர் தள்ளிப் போய்விட்டது. கீழ் மாடிகளில் சன்னலைத் திறந்தால் பூங்காதான் தெரியும். இணையத்தில் தேடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஜார்ஜ்டவுன்’ என்று போட்டுத் தேடினால் பழைய நகரம், கர்னி, சில நேரம் தஞ்சோங் தோக்கோங் வரை எல்லாம் கலந்து வரும். விடுதிப் பெயரை நம்பாமல் தெருப் பெயரைப் பாருங்கள். ஜாலான் பினாங்கு வேறு, லெபு பினாங்கு வேறு. இரண்டும் பழைய நகரத்தில்தான், ஆனால் வெவ்வேறு முனையில். கிராப் வாடகைக் கார் கூப்பிடும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும்.

மற்றப் பகுதிகள் உங்களுக்கு வேண்டாம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் வருபவர்களுக்கு. பட்டர்வொர்த், பிறை பக்கம் அறை மலிவு, ஆனால் தினமும் பாலம் தாண்ட வேண்டும். தஞ்சோங் பூங்கா நடுத்தரம். கர்னியில் இடம் கிடைக்காவிட்டால் அங்கே பாருங்கள்.

ஐந்து பேருக்கு விடுதியில் இரண்டு அறை வேண்டும், அதனால் மூன்று அறை கொண்ட கொண்டோ வாடகை மலிவாகத் தெரியும். சமையலறை இருக்கும், மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்: குறுகிய கால வாடகைக்கு அந்தக் கட்டட நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறதா? அடுக்குமாடி நிர்வாகம் இதைத் தடை செய்யலாம் என்று 2020இல் கோலாலம்பூர் மோண்ட் கியாரா வழக்கொன்றில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அனுமதி இல்லாத வீட்டுக்குப் பெட்டியோடு போய்க் காவலாளியிடம் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பெரியவரை வைத்துக்கொண்டு அந்த நிலை வேண்டாம்.

பயணத்துக்கு ரயிலும் நல்லதுதான். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனால் பட்டர்வொர்த், அப்புறம் ஃபெரி. பிள்ளைகளுக்குக் குதூகலம். ஆனால் இரண்டு ரயில், ஒரு ஃபெரி, இடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீளமான நடை. ஊருக்குள்ளும் ஐந்து பேர் சாதாரண கிராப் காரில் ஏற முடியாது, ஒவ்வொரு தடவையும் ஆறு பேர் கார் கூப்பிட வேண்டும். முழங்கால் வலியை நினைத்து, காரையே தேர்ந்தெடுங்கள்.

விடிவதற்கு முன் புறப்படுங்கள். ஜூரு டோல் பக்கம் நெரிசல் என்று செயலி காட்டினால் அதற்கு முன்பே பத்து காவானில் இறங்கி, 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தில் ஏறிவிடுங்கள். தூரம் கூடுதல், ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். பாலத்தில் டோல் தீவுக்குள் வரும்போது மட்டும்தான், திரும்பும்போது கிடையாது. காரை ஃபெரியில் ஏற்றலாம் என்ற பழைய நினைப்பில் பட்டர்வொர்த் போய்விட வேண்டாம். இப்போதைய ஃபெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும்தான் ஏற்றும்.

வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் காரை விடுதியில் விட்டுவிட்டு லிட்டில் இந்தியா போங்கள். மாரியம்மன் கோயில், அப்புறம் சைவச் சாப்பாடு. எல்லாரையும் அறைக்கு அனுப்பிவிட்டுக் கணவர் மட்டும் லெபு கெம்பலுக்கு நடக்கட்டும். 1907இல் தொடங்கிய ஹமீதியாவின் நாசி கண்டார் அங்கேதான். பத்து பெரிங்கிக்கு வார நாளாகப் பார்த்து ஒதுக்குங்கள். காலையில் நேரே தெலுக் பஹாங் போய் எந்தோபியா வண்ணத்துப்பூச்சிப் பண்ணையைப் பார்த்துவிட்டு, வெயில் தணிந்ததும் திரும்பும் வழியில் கடற்கரைக்கு வாருங்கள். மாமியாருக்கு வேண்டிய சாப்பாட்டை நகரத்திலேயே கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டும் முன் கிளம்ப முடியவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், இரவுச் சந்தையைச் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு மேல் புறப்பட்டால் சாலை காலியாக இருக்கும். உங்கள் பயணத்தில் நான்காவது இரவு ஒன்று சேர்ந்தால் அதை மட்டும் பத்து பெரிங்கியில் கடைசி இரவாக வையுங்கள். கோயிலும் சாப்பாடும் முடிந்திருக்கும், அதன்பின் யாரும் நகரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்காது.

பணம் கட்டும் முன் விடுதிக்கு ஒரு தடவை போன் போடுங்கள். வாசலிலிருந்து மின்தூக்கி வரை படி இருக்கிறதா, குளியலறையில் தொட்டியைத் தாண்டி ஏற வேண்டுமா, இரண்டு அறையும் ஒரே மாடியில் தருவார்களா, கார் நிறுத்துமிடம் கட்டாயம் கிடைக்குமா என்று நான்கையும் கேளுங்கள். பெரியவர்களின் மைகார்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி மலேசியர்களுக்குக் கிடையாது, அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.