உங்கள் கணக்கில் 765, சட்டத்தின் கணக்கில் 695

கேள்வி:

2021 பெப்ரவரி 10ஆம் திகதி கணவரின் ஸ்பொன்சரில் மகளோடு ரொறன்ரோ வந்து இறங்கினேன். கணவர் இங்கே பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவாளர். அம்மாவுக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டு 2022 ஓகஸ்ட் 15இல் யாழ்ப்பாணம் போனேன். ஒரு மாதத்தில் திரும்பலாம் என்றுதான் போனேன். அண்ணா கொழும்பில் இருந்துகொண்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு மூன்று வருடம் நான் ஒருத்திதான் அம்மாவைப் பார்த்தேன். போன ஆவணியில் அம்மா தவறிவிட்டா. அந்தியேட்டி முடித்து 2025 செப்டெம்பர் 20இல் திரும்பி வந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார். என் பி.ஆர். கார்ட் 2026 ஏப்ரல் 20இல் முடிகிறது. அதுவரை எண்ணினால் நான் கனடாவில் இருந்தது 765 நாள் வருகிறது, கார்டைப் புதுப்பிக்க 730 போதும்தானே? ஆனாலும் ஒரு கன்சல்டன்ட், "எதற்கும் கனடாக் கம்பனி ஒன்றின் வேலைக் கடிதம் எடுத்துத் தருகிறேன், சேர்த்துப் போடுங்கள்" என்கிறார். அம்மாவின் வீட்டுக் காணி விஷயமாக அண்ணா வழக்குப் போடப் போகிறாராம். வருகிற ஆவணியில் ஆட்டைத் திவசத்துக்கும் போக வேண்டும். இப்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாமா?

ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்:

விண்ணப்பிக்காதீர்கள். இப்போதும் வேண்டாம், ஏப்ரலிலும் வேண்டாம்.

அம்மாவைப் பறிகொடுத்த துக்கம் புரிகிறது. அண்ணா மேலுள்ள கோபமும் நியாயமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியவை மூன்று திகதிகள்தான்: வந்தது, போனது, திரும்பியது. நாலாவதாக நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கார்ட் முடிகிற திகதிக்கு இந்தக் கணக்கில் ஒரு வேலையும் கிடையாது. அதில்தான் சறுக்கியிருக்கிறீர்கள்.

குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கேட்பது, ஐந்து வருடத்துக்குள் 730 நாள் கனடாவில் இருந்தீர்களா என்று. எந்த ஐந்து வருடம்? வந்து ஐந்து வருடம் ஆனவருக்கு, அதிகாரி பார்க்கிற நாளிலிருந்து பின்னோக்கிய ஐந்து வருடம். நீங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து கார்ட் முடிகிற நாள்வரை எண்ணியிருக்கிறீர்கள். அது ஐந்து வருடமும் 70 நாளும். உங்கள் கார்ட் வந்து இறங்கி இரண்டு மாதத்துக்குப் பிறகு அச்சான கார்ட், அதனால் அதன் திகதி அப்படிப் பிந்தியிருக்கிறது. அவ்வளவுதான்.

எண்ணிப் பார்ப்போம். 2021 பெப்ரவரி 10 முதல் 2022 ஓகஸ்ட் 15 வரை 552 நாள். வந்த நாளும் போன நாளும் இதில் சேரும், நாளின் ஒரு பகுதி இங்கே இருந்தாலும் முழு நாள்தான். 2025 செப்டெம்பர் 20 முதல் 2026 பெப்ரவரி 9 வரை, அதாவது ஐந்து வருடம் நிறைகிற நாள்வரை, 143. மொத்தம் 695. முப்பத்தைந்து நாள் குறைவு.

"அப்படியென்றால் இன்னும் 35 நாள் பொறுத்தால் சரிதானே" என்று கேட்பீர்கள். சரியில்லை. பெப்ரவரி 10க்குப் பிறகு நீங்கள் இங்கே கழிக்கிற ஒவ்வொரு நாளும் முன்பக்கம் ஒன்று கூட்டும், பின்பக்கம் 2021இல் நீங்கள் இங்கே இருந்த ஒரு நாளை உதிர்க்கும். மார்ச்சில் எண்ணினாலும் 695, ஏப்ரல் 20இல் எண்ணினாலும் 695, அடுத்த வருடம் ஜூலையில் எண்ணினாலும் அதே 695. நீங்கள் யாழ்ப்பாணம் போன திகதியை அந்த ஐந்து வருடம் கடக்கிறது 2027 ஓகஸ்ட் நடுப்பகுதியில். அதற்குப் பிறகு உதிர்வதற்கு நாள் இல்லை, கூடுவது மட்டும்தான். 2027 செப்டெம்பர் 19இல் 730 நிறையும். வேறு மாதிரிச் சொன்னால், திரும்பி வந்த நாளிலிருந்து முழுதாக இரண்டு வருடம். முன்பு இருந்த ஒன்றரை வருடத்தால் உங்களுக்கு ஒரு நாள்கூட மிச்சமாகாது. கசப்பாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான்.

விமான நிலையத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்பதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். நிரந்தர வதிவாளர் என்று தெரிந்தால் உள்ளே விட்டே ஆக வேண்டும், அது உங்கள் உரிமை. விட்டதற்கு, நாள்கணக்கைப் பார்த்து ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தமில்லை. அன்றைக்கு வரிசை நீளமாக இருந்திருக்கும்.

இனி முக்கியமான இடம். ஏப்ரலில் விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? 50 டொலர் கட்டி, பயண விபரத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டு, குறைவு இருக்கிறது என்பதை நீங்களே அதிகாரி மேசையில் வைக்கிறீர்கள். அவர் திருப்தியடையாவிட்டால் 44ஆம் பிரிவின் கீழ் அறிக்கை எழுதலாம். அதிலிருந்து வெளியேற்ற உத்தரவு வரலாம். குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக 30 நாள் தருவார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது: அந்த அறிக்கை எழுதப்பட்ட நாளோடு உங்கள் நாள்கணக்கு நின்றுவிடும். விதிமுறைகளின் 62ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் ஸ்கார்பரோவை விட்டு அசையாமல் இரண்டு வருடம் இருந்தாலும் அந்த நாள்கள் 730இல் சேராது. மேன்முறையீட்டில் இரக்கம் கேட்கும்போது ஒரு பக்கபலமாகச் சொல்லலாம், அவ்வளவே. என்னிடம் வருகிறவர்களில் மிகவும் பரிதாபமானவர்கள் இவர்கள்தான். கார்ட் முடிகிறதே என்ற பதற்றத்தில் அவசரப்பட்டு விண்ணப்பித்தவர்கள். சும்மா இருந்திருந்தால் நாள் தானாக நிறைந்திருக்கும்.

கார்ட் காலாவதியானால் பி.ஆர். போய்விடாது. கார்ட் ஒரு பயண அட்டை, வதிவிட உரிமை வேறு. இங்கே வேலை செய்யலாம், உங்கள் சமூகக் காப்புறுதி இலக்கம் மாறாது, மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் ஆகாது. லாண்டிங் பேப்பர் என்று நாம் சொல்கிற அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அடையாளத்துக்கு அதுதான் உதவும். காலாவதியான கார்டோடு இருக்கிறீர்களா என்று பார்க்க யாரும் வீடு வீடாக வரமாட்டார்கள். நாள்கணக்கைக் கிளறுகிற இடங்கள் குறிப்பிட்டவை: கார்ட் விண்ணப்பம், எல்லையில் நுழைவது, வெளிநாட்டிலிருந்து பயண ஆவணம் கேட்பது. அந்த மூன்றிலிருந்தும் 2027 இலையுதிர்காலம்வரை தள்ளி நில்லுங்கள்.

ஆகவே ஆவணித் திவசத்துக்குப் போகிற பேச்சு வேண்டாம். போகும்போது உங்களை யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பும்போது கார்ட் காலாவதியாகியிருக்கும், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். விசா அலுவலகத்தில் பயண ஆவணம் கேட்க வேண்டும். அங்கே இருக்கிற அதிகாரி எண்ணுகிற முதல் விஷயம் இந்த 730. மறுத்தால் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கடந்த 365 நாளுக்குள் ஒரு தடவையாவது கனடாவில் இருந்தவர் மேன்முறையீடு செய்திருந்தால் திரும்பி வர ஆவணம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை நம்பிப் புறப்படுகிற அளவுக்கு நீங்கள் துணியக் கூடாது. "ஏப்ரலுக்கு முன்பு, கார்ட் இருக்கும்போதே போய்வந்தால்?" அப்போதும் வேண்டாம். செப்டெம்பரில் கேட்காதவர்கள் மார்ச்சிலும் கேட்கமாட்டார்கள் என்று யார் உங்களுக்கு எழுதித் தந்தது?

கன்சல்டன்டின் கடிதத்துக்கு வருகிறேன். கனடா நிறுவனம் ஒன்று முழுநேர ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த நாள்களையும் சட்டம் எண்ணும், உண்மைதான். ஆனால் நீங்கள் அங்கே செய்த வேலை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, மருந்து கொடுத்தது. அதற்கு எந்தக் கம்பனி சம்பளம் போட்டது? வதிவிடக் கணக்கைச் சரிக்கட்டுவதையே முக்கிய வேலையாக வைத்திருக்கும் கம்பனிகள் செல்லாது என்று விதிமுறையே சொல்லியிருக்கிறது. இந்த யோசனை உங்கள் கன்சல்டன்டுக்கு முதலில் வந்ததல்ல. பொய்க் கடிதம் கொடுத்தால் விஷயம் 35 நாள் குறைவு என்பதிலிருந்து பொய்த்தகவல் என்று மாறும். அதற்கு 40ஆம் பிரிவு: பி.ஆர். போகும், ஐந்து வருடத் தடை வரும். குற்ற வழக்காகப் போனால் 1,00,000 டொலர் வரை அபராதமும் ஐந்து வருடம் வரை சிறையும் இருக்கின்றன. 2015இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடவுச்சீட்டுகளில் போலி முத்திரை குத்திக் கொடுத்த ஒரு ஆலோசகருக்கு ஏழு வருடச் சிறை கிடைத்தது. அவரிடம் காசு கொடுத்தவர்களில் பலர் தங்கள் பி.ஆரை இழந்தார்கள். கடிதம் எழுதியவர் மட்டும் மாட்டி, கையெழுத்துப் போட்டவர் தப்புவதில்லை.

இன்னொன்று, இதைக் கணவரிடம் கேளுங்கள். நீங்கள் இல்லாத 2023, 2024 வருடங்களுக்கு உங்கள் பெயரில் வரி தாக்கல் செய்தாரா? வருடம் முழுக்க ஒன்ராறியோவில் இருந்ததாகப் போட்டாரா? உங்கள் ஹெல்த் கார்டை அந்தக் காலத்தில் யாராவது புதுப்பித்தார்களா? ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக்கு 12 மாதத்தில் 153 நாள் இங்கே இருக்க வேண்டும். வரி மதிப்பீட்டுத் தாளைப் பெருமையாக வதிவிடச் சான்றாக இணைக்கிறார்கள். அது நீங்கள் வரிப் படிவம் அனுப்பியதைக் காட்டும், உடம்பு இங்கே இருந்ததைக் காட்டாது. கடவுச்சீட்டில் கட்டுநாயக்க விமான நிலைய முத்திரை ஒரு கதை சொல்லும், வரித்தாள் வேறு கதை சொல்லும். அதிகாரி அந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார். பிழையிருந்தால் வரிக் கணக்கை இப்போதே திருத்துங்கள், கேள்வி வந்த பிறகு திருத்தினால் நம்பமாட்டார்கள்.

மனிதாபிமானக் காரணங்களைக் காட்டி இப்போதே கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 28ஆம் பிரிவு அதற்கு இடம் வைத்திருக்கிறது. குறைவு சிறியது, போன காரணம் வலுவானது, இங்கே மகள் இருக்கிறாள், அவளுடைய நலனையும் பார்க்கத்தான் வேண்டும். மோசமான வழக்கு அல்ல. ஆனால் கேள்விகள் வரும். காசு கொடுத்து ஆள் வைத்துப் பார்க்க முடியாதா? மூன்று வருடத்தில் மகளைப் பார்க்க ஒரு தடவைகூட ஏன் வரவில்லை? கொழும்பில் அண்ணா இருந்தாரே? உங்கள் அண்ணா சட்டத்துக்குத் தேவைப்படுகிற ஒரே இடம் இதுதான். அவர் பார்க்க மறுத்ததற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காமல் வையுங்கள். அம்மாவின் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி, மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இவை ஒரு நாள் எல்லையில் யாராவது மறித்தால் உதவும் கவசம். காத்திருந்தால் தானாகக் கிடைப்பதை அதிகாரியின் இரக்கத்தில் போய்ப் பந்தயம் கட்ட வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கிற நேரம் வரும்போது 731இல் நில்லாதீர்கள். விளிம்பில் இருக்கிற விண்ணப்பங்களை ஓரமாக எடுத்துவைத்து மாதக்கணக்கில் தோண்டுவார்கள். 2027 நவம்பர்வரை பொறுங்கள். இன்னொரு வருடமும் பொறுத்தால், 2028 செப்டெம்பரில் 1,095 நாள் நிறையும், நேரே குடியுரிமைக்கே போடலாம். பயண விபரத்தை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். எல்லைச் சேவை முகவரகத்திடம் உங்கள் பயணப் பதிவைக் கேட்டு வாங்கி, கடவுச்சீட்டு முத்திரைகளோடு ஒப்பிட்டு எழுதுங்கள். அமெரிக்கத் தரை எல்லையைக் கடந்தது 2013இலிருந்தும், விமானத்தில் கனடாவை விட்டுப் போனது 2020இலிருந்தும் அவர்களிடம் இருக்கிறது. பழைய கடவுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். இன்றிலிருந்து சம்பளத் துண்டு, மருந்துக்கடை ரசீது, இங்கே அட்டை தேய்த்த வங்கிப் பதிவு என்று மாதத்துக்கு ஒன்றாவது ஒரு கோவைக்குள் போட்டு வையுங்கள்.

கடைசியாகக் காணி. வழக்கு என்று தொடங்கினால் தவணைக்குத் தவணை உங்களை யாழ்ப்பாணத்துக்கு இழுக்கும். அண்ணாவோடு பேசி முடித்துவிடுங்கள். அவர் ஒரு பரப்பு கூடக் கேட்டாலும் கொடுங்கள். அம்மாவைப் பார்த்தது நீங்கள், காணியைக் கேட்பது அவர், நியாயமில்லைத்தான். அந்த ஒரு பரப்புக்காக நீங்கள் ஏறுகிற விமானம் மகளோடு இருக்கிற உரிமையைப் பணயம் வைக்கும். கையெழுத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில், உங்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரத்தைக் கொடுக்கிற அற்றோணித் தத்துவத்தை உறுதிப்படுத்தி, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். அதற்கு முன் வரைவை அங்குள்ள ஒரு நொத்தாரிசிடம் காட்டுங்கள், அண்ணாவின் நொத்தாரிசிடம் அல்ல.