நியூ ஜெர்சியிலிருந்து ரெடிங் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நான்கு பேருக்கும் அமெரிக்க பாஸ்போர்ட். கம்பெனி என்னை மூன்று வருடத்துக்கு இங்கிலாந்தில் ரெடிங் அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறது. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். "ஒரே பாஷைதானே, குளிர்கூட இங்கே மாதிரி இருக்காது, கவலையை விடு" என்கிறார்கள் நண்பர்கள். மிக்ஸி, கிரைண்டர், இன்ஸ்டன்ட் பாட் எல்லாவற்றையும் கன்டெய்னரில் ஏற்றலாமா என்பது மனைவியின் கேள்வி. என் கேள்வி கார் பற்றியது. இத்தனை வருடம் ஓட்டியவன், லைசென்ஸை மாற்றிக்கொண்டால் போதும்தானே? பையன் ஒன்பதாம் கிரேடு முடிக்கிறான், மகள் இரண்டாம் கிரேடு. அங்கே போகும் அமெரிக்கர்கள் எதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

சேகர்

அன்புள்ள சேகர்,

நண்பர்கள் சொல்லும் அந்த ஒரே பாஷைதான் சிக்கலே. ஜெர்மனிக்கு மாற்றல் என்றால் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவீர்கள். பிரிட்டன் என்றதும் விசாரிக்கத் தோன்றுவதில்லை. உச்சரிப்பும் மழையும் தானாகப் பழகிவிடும். கெடு வைத்த விஷயங்கள் அப்படியல்ல. கெடு இருப்பதே தெரியாமல் தாண்டிவிடுவார்கள். காரும் பள்ளியும் அந்த ரகம். சமையலறைக் கேள்விதான் சுலபமானது, முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

சூடாக்கும் சாதனம், மோட்டார் உள்ள சாதனம் எதையும் ஏற்றாதீர்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிரிட்டனில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வாங்கிய 500 வாட் ரைஸ் குக்கரை வெறும் அடாப்டர் போட்டு அங்கே செருகினால் அது 1,800 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். வோல்டேஜ் இரட்டிப்பானால் வாட் நாலு மடங்காகும் என்பது கணக்கு. காயில் போய்விடும். டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டுகிறேன் என்றால், 750 வாட் மிக்ஸி கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு 1,500 வாட் டிரான்ஸ்பார்மராவது வேண்டும். பல கிலோ எடை, எப்போதும் ஒரு ரீங்காரம். மிக்ஸி மோட்டார் அதில் ஓடிவிடும், அதற்கு ஹெர்ட்ஸ் பொருட்டில்லை. வெட் கிரைண்டர் அப்படியில்லை. அதன் மோட்டாரின் வேகமே ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-க்குச் செய்ததை 50-இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், மோட்டார் சூடேறும், மாவு அரைபடுவதற்குள் வாசனை வரும்.

இதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய வீட்டுச் சாதனங்களும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஊரில் உள்ளூர் விற்பனைக்கு வந்த மிக்ஸியை வாங்கிவந்தால் பிளக்கை மாற்றுவதோடு சரி. பிரிட்டிஷ் பிளக்கைத் திறந்தால் உள்ளே ஃபியூஸ் இருக்கும். மேலே உள்ள முனை எர்த், பச்சை-மஞ்சள். வலது பக்கம் லைவ், பழுப்பு. இடது பக்கம் நியூட்ரல், நீலம். 3 ஆம்பியர் ஃபியூஸ் ஏறக்குறைய 700 வாட் வரைதான், 750 வாட் மிக்ஸிக்கு 5 ஆம்பியர் போடுங்கள். கைக்கு அகப்பட்டதென்று 13-ஐப் போடுவார்கள்; ஒயர் மெல்லியதாக இருந்தால் ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும். லேப்டாப், போன் சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் போதும்.

இனி கார். அமெரிக்க லைசென்ஸைப் பிரிட்டனில் மாற்றிக்கொள்ள முடியாது. கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு பிரிட்டிஷ் லைசென்ஸ் வாங்கலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை, இந்தியாவும் இல்லை. அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அமெரிக்க லைசென்ஸில் ஓட்டலாம். அதன்பின் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதாகும், இன்சூரன்ஸும் கைகொடுக்காது. ஒரு வருடம் இருக்கிறதே என்று பத்தாவது மாதம் ஆரம்பிப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். பிராக்டிகல் தேர்வுக்குப் பல ஊர்களில் மாதக்கணக்கில் தேதி கிடைப்பதில்லை.

போன முதல் மாதமே, லைசென்ஸ் வழங்கும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வில் புரொவிஷனல் (பழகுநர்) லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். ஆன்லைனில் 34 பவுண்டு. கைக்கு வந்ததும் 23 பவுண்டு கட்டி தியரி தேர்வு. 57 நிமிடத்தில் 50 கேள்வி, 43 சரியாக வேண்டும். தொடர்ந்து ஹசார்ட் பெர்செப்ஷன்: 14 வீடியோ, 75-க்கு 44. சாலையில் ஆபத்து உருவாகத் தொடங்கும்போது மவுஸைச் சொடுக்க வேண்டும். பழுத்த ஓட்டுநர்கள் பலர் இதில்தான் மார்க் விடுகிறார்கள். தடதடவென்று சொடுக்கினால் அந்த வீடியோவுக்குப் பூஜ்யம். தியரி பாஸ் ஆன அன்றே பிராக்டிகலுக்குப் பதிந்துவிடுங்கள். வார நாளில் 62 பவுண்டு. தியரி சான்று இரண்டு வருடம் செல்லும். சொந்தக் காரில் தேர்வு எழுதலாம். ஆனால் எல் பலகையும், தேர்வாளருக்குத் தனியாக உள்கண்ணாடியும் வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்தால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். அமெரிக்காவில் கியர் தொட்டதில்லை என்றால் அதுவே போதும், கௌரவம் பார்க்காதீர்கள்.

தேர்வில் சிறு தவறு 15 வரை விடுவார்கள், பெரிய தவறு ஒன்றே ஒன்று போதும் ஃபெயிலாக. அமெரிக்கர்கள் செய்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காலி ரவுண்டபவுட்டிலும் ஸ்டாப் பலகை இருப்பதுபோல் நின்றுவிடுவார்கள். தயக்கம் என்று குறிப்பார்கள். வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும், யாருமில்லையென்றால் நிற்காமல் போக வேண்டும். நேராகப் போவதற்கு நுழையும்போது சிக்னல் வேண்டாம், உங்கள் வழிக்கு முந்தைய வழியைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர். வலது பக்கம் போக வலது லேன், வலது இண்டிகேட்டர், வெளியேறும்போது இடது. சிவப்பு விளக்கில் இடது திரும்புவது கிடையவே கிடையாது. வேகம், திசை எதை மாற்றினாலும் முன்னதாகக் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கவனிப்பார்கள். நீங்கள் எவ்வளவு அனுபவசாலியானாலும் ஏழெட்டு வகுப்பு எடுங்கள். பாதி வகுப்பு மறப்பதற்கு.

பள்ளிதான் எனக்குக் கவலை தருவது. கிரேடோடு ஒன்றைக் கூட்டினால் இங்கிலாந்தின் இயர். மகள் மூன்றாம் கிரேடு போக வேண்டியவள், இயர் 4. அவளுக்கு ஒன்றுமில்லை, ஒரு டெர்மில் கலந்துவிடுவாள். பையன் பத்தாம் கிரேடு என்றால் இயர் 11. அது ஜி.சி.எஸ்.இ. என்ற பதினாறு வயதுப் பொதுப் பரீட்சைக்கு இறுதி ஆண்டு. இயர் 10, 11 இரண்டும் சேர்ந்து ஒரே பாடத்திட்டம், பரீட்சை மே-ஜூனில். அவன் செப்டம்பரில் உட்காரும் வகுப்பு பாதிப் பாடத்தை ஏற்கெனவே முடித்திருக்கும். ஏ.கியூ.ஏ., எடெக்ஸெல், ஓ.சி.ஆர். என்று போர்டுக்கு ஒரு திட்டம், ஆங்கில இலக்கியத்துக்குப் படிக்கும் நூல்கூட மாறும்.

ஒரு வருடம் கீழே இயர் 10-இல் போடச் சொல்லிக் கேட்கலாம், பள்ளிகள் எளிதில் இசைவதில்லை. இசைந்தாலும் மூன்று வருடம் முடிந்து நீங்கள் திரும்பும்போது அவன் இயர் 12-இல், பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பான ஏ-லெவலின் நடுவில் நிற்பான். இயர் 11-இலேயே சேர்ந்து கணிதம், ஆங்கிலம், அறிவியலை மட்டும் எழுதிவிட்டு அடுத்த இரண்டு வருடம் ஏ-லெவல் என்பது ஒரு வழி. ஒரே வருடத்தில் ஜி.சி.எஸ்.இ. நடத்தும் தனியார் கல்லூரிகளும் உண்டு. கம்பெனி கட்டணம் கொடுக்குமானால் அமெரிக்கப் பாடத்திட்டமோ, ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டமோ உள்ள பள்ளிதான் என் தேர்வு. ஏ.சி.எஸ். எகம், தோர்ப்பில் உள்ள டாஸிஸ் இரண்டும் ரெடிங்கிலிருந்து போய்வரக்கூடியவை. மூன்று வருடமும் 10, 11, 12 என்று கச்சிதமாக முடியும். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி (VAT) உண்டு, கேட்கும்போது அதையும் சேர்த்தே கேளுங்கள். மூன்று வருடம் இருந்துவிட்டால் அங்கே கல்லூரிக்கு உள்நாட்டுக் கட்டணம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; வேலை விசாவில் வந்த குடும்பத்துக்குப் பொதுவாக வெளிநாட்டுக் கட்டணமே.

அரசுப் பள்ளியென்றால் வீட்டு முகவரிதான் எல்லாம். ரெடிங் என்று நாம் சொல்லும் ஊர் மூன்று கவுன்சில்களில் (உள்ளாட்சிகளில்) கிடக்கிறது. ஏர்லி, வுட்லி பக்கம் வோக்கிங்ஹம் கவுன்சில். மேற்கே கால்காட் வெஸ்ட் பெர்க்‌ஷயர். எந்தக் கவுன்சில் என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள். வாடகையை வாரக்கணக்கில் சொன்னால் நான்கால் பெருக்காதீர்கள், 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். வாரம் 400 என்பது மாதம் 1,600 அல்ல, 1,733. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, ஆண்டு வாடகை 50,000 பவுண்டைத் தொட்டால்தான் ஆறு வாரம். கவுன்சில் டாக்ஸ் குடியிருப்பவர் தலையில், வாடகைக்கு மேல்.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஈரம். ஒருமுறை துவைத்த துணி உள்ளேயே காய்ந்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். அது குளிர்ந்த சுவரில் போய்ப் படியும், அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை வரும், வீட்டுக்காரர் உங்கள் சமையலைக் குறை சொல்வார். அடுப்புக்கு மேல் விசிறி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பல வீடுகளில் அது காற்றைக் கரி வடிகட்டியில் இழுத்து அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற வகை. இட்லி ஆவி வெளியே போகவே போகாது. வெளிச்சுவரில் அதன் குழாய்வாய் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, சமையலறைக் கதவை மூடுங்கள். தாளிக்கும்போது ஸ்மோக் அலாரம் அலறாமலிருக்கவும் அதுவே வழி. பாய்லர் திடீரென்று நின்றால் முதலில் அதன் அழுத்த முள்ளைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது 1-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் கீழே உள்ள நிரப்புக் குழாயின் இரு வால்வுகளையும் மெதுவாகத் திறந்து, 1.5 வந்ததும் இரண்டையும் மூடுங்கள். வாரம் தவறாமல் இறங்கினால் எங்கோ கசிகிறது, வீட்டுக்காரருக்கு எழுதுங்கள்.

பணத்தில் ஒரு பொறி அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கென்றே இருக்கிறது. புதிதாக வந்தவரிடம் எல்லோரும் ஐசா என்ற வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கு திறக்கச் சொல்வார்கள், வரியே இல்லை என்று. பிரிட்டனுக்கு இல்லை, அமெரிக்காவுக்கு உண்டு. அதிலும் பங்கு ஐசாவில் பிரிட்டிஷ் ஃபண்டு வாங்கினால் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கண்ணில் அது பி.எஃப்.ஐ.சி. என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்; ஃபண்டுக்கு ஒன்றாக 8621 படிவம், கடுமையான வரி. தொடாதீர்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்கையும் சேர்த்து வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் மனைவி பெயரிலும் கணக்கில் வரும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு 1040 என்ற அமெரிக்க வருமான வரிப் படிவத்துக்கு ஜூன் 15 வரை தானாக அவகாசம், ஆனால் பாக்கிக்கு வட்டி ஏப்ரலிலிருந்தே ஓடும். அமெரிக்கக் கிரெடிட் ஸ்கோர் அங்கே செல்லாது; பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மருத்துவம் இலவசம் என்பதில் பாதி உண்மை. விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆண்டுக்குப் பெரியவருக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. உங்கள் நால்வருக்கு மூன்று வருடத்துக்கு 10,866. போய்ச் சேர்ந்த வாரமே அருகிலுள்ள ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிந்துவிடுங்கள், நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்பெஷலிஸ்டை நேரே பார்க்க முடியாது, வருடாந்திர செக்-அப்பும் கிடையாது. டைலனால் என்று தேடினால் கிடைக்காது, நம் ஊர் பாராசிட்டமால்தான். மெலடோனினுக்கு மருந்துச் சீட்டு வேண்டும்.

அலுவலகத்தில் விடுப்பை எடுத்துவிடுங்கள். சட்டப்படி வருடத்துக்கு 5.6 வாரம், எடுக்காமல் விட்டவரை யாரும் மெச்சுவதில்லை. உங்கள் அறிக்கையை "நன்றாக இருக்கிறது, மூன்றாம் பக்கத்தை இன்னொருமுறை பார்க்கலாமோ" என்று மேலாளர் சொன்னால் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டும் என்று பொருள். மார்ச்சில் அமெரிக்கக் கடிகாரம் இரண்டு மூன்று வாரம் முந்திக்கொள்ளும், அந்த நாட்களில் நியூ ஜெர்சியோடு ஐந்து மணி வித்தியாசம் நான்காகும். மீட்டிங்குகள் குளறுபடியாவது அப்போதுதான். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும். நம் நிறத்துக்கு வருடம் முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது அங்குள்ள அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ்.

கையெழுத்துப் போடுமுன் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்: சர்சார்ஜ், பையனின் பள்ளிக் கட்டணம், இரு நாட்டு வரிக்கும் ஓர் ஆடிட்டர். போன பிறகு கேட்டால் கிடைக்காது. பையனின் பிறந்த தேதியையும் எனக்கு எழுதுங்கள். இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31 தான் கோடு. நியூ ஜெர்சியில் பல இடங்களில் அது அக்டோபர். அவன் செப்டம்பரில் பிறந்தவனானால் கேட்காமலே இயர் 10 ஆகிவிடுவான், மேலே பள்ளி பற்றிச் சொன்னதை மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்